டிஷ் தட்டுக்கு வந்த குருவிகள்

கீழக்கரையில் இருந்தவரை என் மனைவி ஷம்சியாவுக்குக் காகம் தெரியும், கோழி தெரியும். மற்றதெல்லாம் குருவி. துபாய்க்கு வந்த பிறகுதான் அவளுக்குப் பறவைப் பைத்தியம் பிடித்தது. சத்வாவில் நாங்கள் குடியிருந்த அறையில் பார்ப்பதற்கு ஒரு ஜன்னலை விட்டால் வேறெதுவும் இல்லை. நான் காலையில் என் தையல் சாமான் கடையைத் திறக்கப் போனால் இரவுதான் திரும்புவேன். டிவி இருந்தது. அதில் வருகிற மாமியார்களைப் பார்த்தால் சொந்த மாமியார் ஞாபகம் வருகிறது என்று அணைத்துவிடுவாள்.

அது ஒரு அரபியின் பழைய வில்லா. அவர் குடும்பம் புது வீட்டுக்குப் போனதும், விருந்தாளிகளை உட்காரவைக்கும் பெரிய கூடத்தைப் பிளைவுட் பலகையால் மூன்றாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். முற்றத்தைப் பார்த்த ஜன்னலோடு முதல் அறை எங்களுக்கு. நடு அறையில் விஜயபாஸ்கர். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாய வீட்டுப் பிள்ளை, சைட்டில் பைப் பொருத்துகிற வேலை. அவன் அறைக்கு ஜன்னல் கிடையாது. எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றிவிட்ட வட்டத் துளை ஒன்று மட்டும் முற்றத்துப் பக்கம் திறந்திருந்தது. கடைசி அறையில் அருள்ராஜ், சாத்தான்குளத்துக்காரன். ஒரு கிடங்கில் நைட் டூட்டி பார்த்துவிட்டுப் பகலெல்லாம் தூங்குவான். அவன் அறைக்குத் துளைகூட இல்லை. சமையலறையும் குளியலறையும் முற்றத்தைத் தாண்டி இருந்தன.

இப்படிப் பலகை வைத்துத் தடுப்பது முனிசிபாலிட்டி விதிக்கு விரோதம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். கையில் ஃபைலோடு யாராவது கேட்டருகே நின்றால் போதும், நான் கதவைச் சாத்திக்கொள்வேன். நான் பயந்தாங்கொள்ளி. அதை மறைக்கத்தான் வீட்டில் கொஞ்சம் சத்தமாகப் பேசுவேன்.

பறவைகளுக்குத் தட்டு செய்து கொடுத்தது விஜயபாஸ்கர்தான். யாரோ தெருவில் எறிந்துவிட்டுப் போன பழைய டிஷ் ஆன்டெனாவைத் தூக்கிவந்து, கழுவி, மூன்று கம்பியில் கட்டி, முற்றத்து வேப்பமரத்தில் தொங்கவிட்டான். ஷம்சியா காலையில் அதில் காய்ந்த குபூஸ் ரொட்டியை உதிர்த்துப் போடுவாள், பேரீச்சம்பழத்தை ஊறவைத்துக் கிள்ளிப் போடுவாள், மூடி ஒன்றில் தண்ணீர் வைப்பாள். சிட்டுக்குருவியும் கொண்டைக்குருவியும் ஆண்டு முழுக்க வரும். ஆனால் அவள் காத்திருந்தது குளிர்கால விருந்தாளிகளுக்கு. அக்டோபர் கடைசியில் வாலாட்டிகள் வந்து இறங்கும். அவை தட்டில் ஏறாது, கீழே சிந்தியதைத் தரையில் ஓடி ஓடிப் பொறுக்கும். நவம்பரில் கரிய உடம்பும் துருப்பிடித்த நிறத்தில் வாலும் கொண்ட சின்னக் குருவி ஒன்று தனியாக வரும். உட்கார்ந்த இடத்தில் வால் மட்டும் நடுங்கிக்கொண்டே இருக்கும். ஷம்சியா அதற்கு நடுங்கி என்று பெயர் வைத்தாள். அந்தப் பெயர் வீட்டில் வேறு ஒருவருக்கும் பொருத்தமாக இருக்கிறது என்று என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

எது எந்த நாளில் வந்தது, எது எந்தக் கிளையில் உட்காரும், எது எங்கே அடையும் என்று எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஊருக்குப் பணம் அனுப்புகிற எக்ஸ்சேஞ்சில் கொடுத்த காலண்டரில் வாலாட்டி வந்த தேதியில் ஒரு புள்ளி, நடுங்கி வந்த தேதியில் இரண்டு புள்ளி. எங்கள் மூன்றரை வயது மகள் நஸீராவையும் மடியில் வைத்துக்கொண்டு காலை முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். வெட்டி வேலை என்று நான் சொல்வேன். என் கடைப் பொத்தான்களை எண்ணுவதைவிட இது மேல் என்பாள்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு தொடக்கத்தில் எங்கு பார்த்தாலும் பறவைக் காய்ச்சல் பேச்சுதான். டிவியில் வெள்ளை உடையும் முகமூடியும் போட்டவர்கள் ஏதோ ஒரு நாட்டில் கோழிகளைக் குழியில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். செத்த பறவையைக் கண்டால் தொடாதீர்கள், முனிசிபாலிட்டிக்குச் சொல்லுங்கள் என்றார்கள். சத்வாவில் கோழிக்கடைப் பக்கம் நடப்பதற்கே ஆட்கள் யோசித்தார்கள். நான் ஷம்சியாவிடம் தட்டை இறக்கிவிடச் சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை. கண்டிப்பாகச் சொல்ல எனக்கும் தைரியமில்லை.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை மதியம் விஜயபாஸ்கர் தங்கச்சி கல்யாணத்துக்காக லீவில் ஊருக்குக் கிளம்பினான். மாதக்கணக்காக மூட்டைப்பூச்சிக் கடியால் உடம்பெல்லாம் தடித்துக் கிடந்தவன் அன்று மிகவும் சந்தோஷமாக இருந்தான். நஸீராவுக்கு மிட்டாய் கொடுத்தான். ஊரில் கிடைக்கும் நம்பரைக் காலண்டரில் எழுதிவைத்தான். கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, தான் திரும்பி வரும்போது இந்த ரூமில் ஒரு பூச்சி உயிரோடு இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனான். ஏதோ ஸ்ப்ரே அடித்திருப்பான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை நான் கடைக்குக் கிளம்பும் நேரம். முற்றத்துக்குப் போன ஷம்சியா உள்ளே வந்து வாசல் பக்கம் கைகாட்டினாள். என்னவென்று போய்ப் பார்த்தேன். சுவரோரம் நடுங்கி செத்துக் கிடந்தது. பக்கத்தில் இரண்டு சிட்டுக்குருவிகள். நடுங்கியின் வால் இப்போது நடுங்கவில்லை. நேற்று டிவியில் பார்த்த முகமூடிகள் எல்லாம் எங்கள் முற்றத்தில் நிற்பதுபோல இருந்தது.

டூட்டி முடிந்து வந்த அருள்ராஜ் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். முனிசிபாலிட்டிக்குச் சொல்ல வேண்டும் என்றாள் ஷம்சியா. சொன்னால் என்ன ஆகும் என்று நான் குரலை உயர்த்தினேன். வருவார்கள், பறவையைப் பார்ப்பார்கள், அப்படியே தலையைத் திருப்பிப் பலகைத் தடுப்பையும் பார்ப்பார்கள். சாயங்காலத்துக்குள் எல்லோரும் தெருவில் நிற்போம். சரி, யார் எடுத்துப் போடுவது? நான் இரண்டு அடி பின்னால் போனேன். அருள்ராஜ் என்னைப் பார்த்தான், சிரித்தான்.

"குருவிதானே பாய்" என்றான். வெறுங்கையால் மூன்றையும் எடுத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு, முடிச்சிட்டு, தெருமுனைக் குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டு வந்து தூங்கப் போனான்.

நான் கடைக்குப் போகவில்லை. தட்டை மரத்திலிருந்து இறக்கித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கவிழ்த்தேன். கடைப் பார்சல் கட்டுகிற பழுப்பு டேப்பை எடுத்துவந்து ஜன்னலின் நான்கு பக்கமும் ஓர் இடுக்கு விடாமல் ஒட்டினேன். குளிர்காலம் என்பதால் ஏசி ஓடவில்லை. ஷம்சியா கட்டிலில் உட்கார்ந்து நான் ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் மட்டும் வந்தது, காற்று வரவில்லை. நோய் உள்ளே வராது என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது. அப்படி ஒரு மடத்தனமான நிம்மதி என் வாழ்க்கையில் அதற்கு முன் வந்ததில்லை.

அன்று மாலை நஸீரா வாந்தி எடுத்தாள். தலை வலிக்கிறது என்று அழுதாள். ஷம்சியா, அறையில் பூண்டு வாடை அடிக்கிறது என்றாள். யாரோ சமைக்கிறார்கள் என்றேன். அந்த நேரத்தில் யாரும் சமைக்கவில்லை என்று அவள் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. இரவெல்லாம் பிள்ளை புரண்டாள். எனக்கும் தலை பாரமாக இருந்தது. அது பயத்தால் வருகிற பாரம் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஷம்சியா இரண்டு முறை சொன்னாள். எனக்கு நோயைவிடப் பெரிய பயம் அதுதான். பறவையைத் தொட்டீர்களா என்று டாக்டர் கேட்பார். வீட்டில் பறவை செத்தது தெரிந்தால் பிள்ளையைப் பிடுங்கிக் கண்ணாடி அறையில் போட்டுவிடுவார்கள், எங்களைப் பார்க்கவே விடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை பொறுப்போம், சாதாரண வாந்தியாக இருந்தால் நின்றுவிடும் என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இல்லை.

வெள்ளிக்கிழமை காலை அருள்ராஜுக்குக் கஞ்சி கொடுத்துவரச் சொன்னாள். டூட்டிக்கே போகாமல் அறைக்குள் கிடக்கிறான், இருமுகிறான் என்றாள். கஞ்சியை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். மூன்று தடவை வாந்தி எடுத்ததாகவும், எழுந்து நிற்க முடியவில்லை என்றும், நெஞ்சை அடைப்பதாகவும் உள்ளிருந்து அவன் சொன்னான். பறவையைத் தொட்டவன் அவன். நோய் அவனுக்குத்தான் முதலில் வந்திருக்கிறது, அவனிடமிருந்துதான் என் பிள்ளைக்கு வந்திருக்கிறது என்று எனக்குக் கணக்கு சரியாக வந்தது. கஞ்சியை வாசலில் வைத்துவிட்டு வைத்திருப்பதாகச் சொன்னேன். திறப்பானோ என்று பயந்து சட்டென்று நகர்ந்தேன்.

அடுத்து நான் செய்ததை இத்தனை ஆண்டுகளில் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. டேப்பை எடுத்துவந்து அவன் கதவின் அடி இடுக்கில் ஒட்டினேன். பக்கவாட்டிலும் ஒட்டினேன். அவன் மூச்சு எங்கள் பக்கம் வரக்கூடாது என்பதுதான் என் எண்ணம். பாதி ஒட்டும்போது உள்ளிருந்து இரண்டு தட்டு கேட்டது. கதவின் கீழ்ப்பாகத்தில், மெதுவாக. உட்கார்ந்த நிலையில் தட்டியிருக்க வேண்டும். நான் மிச்சத்தையும் ஒட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஜும்மாவுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஷம்சியா நஸீராவை முகம் கழுவக் குளியலறைக்குத் தூக்கிப்போனவள் திரும்ப அறைக்கு வரவில்லை. முற்றத்தில் தண்ணீர்த் தொட்டி மேடையில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உள்ளே வா, பறவை இருக்கிற இடம் என்று நான் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து கண்ணாடியைத் தட்டினேன். அவள் திரும்பவில்லை. வேப்பமரத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று தட்டை இறக்கும்போது சிந்திய குபூஸ் துணுக்குகளை நான்கு வாலாட்டிகள் ஓடி ஓடிப் பொறுக்கிக்கொண்டிருந்தன. ஒன்றுக்கும் ஒரு குறையும் இல்லை.

வேறு வழியில்லாமல் கர்ச்சீப்பை மூக்கில் கட்டிக்கொண்டு வெளியே போனேன். பிள்ளை கண் திறந்து தண்ணீர் கேட்டாள். அறைக்குள் இருந்தபோது கண்ணே திறக்காதவள். ஷம்சியா என்னை உட்காரச் சொல்லி, சுவரில் இருந்த எக்ஸாஸ்ட் துளையைக் காட்டினாள். ஒரு சிட்டுக்குருவி வாயில் நாரோடு வந்து துளைக்குள் போனது. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். கொஞ்ச நேரத்தில் அது துளையின் விளிம்புக்கு வந்தது, சிறகை ஒரு பக்கம் மட்டும் விரித்தது, கீழே விழுந்தது. அப்புறம் அசையவில்லை.

ஷம்சியா பேசியது இன்றும் அப்படியே காதில் இருக்கிறது.

"குருவிக்கு நோவு இல்லைங்க. நடுங்கி அடையிறது அந்த ஓட்டையிலதான். நேத்து செத்த சிட்டு ரெண்டும் அந்த ஓட்டையில கூடு வச்சது. அதே தட்டுலேர்ந்து சிந்தினதைத் தின்ன வாலாட்டிக்கு ஒண்ணும் ஆகலை. அந்த ரூமுக்குள்ள என்னமோ இருக்கு. அது பலகை வழியா நம்ம ரூமுக்கும் வருது."

நான் டிவியில் சொன்னதை ஆரம்பித்தேன். அவள் முடிக்க விடவில்லை.

"நீங்க டிவியப் பாத்தீங்க. நான் குருவியப் பாத்தேன். போனைப் போடுங்க அந்தத் தம்பிக்கு."

மூச்சைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் ஓடிக் காலண்டரைப் பிடுங்கிவந்து, விஜயபாஸ்கருக்குப் போன் செய்தேன். பின்னால் கல்யாண வீட்டுச் சத்தம் கேட்டது. பூச்சிக்கு என்ன வைத்தாய் என்றேன். அவன் சற்றுப் பெருமையோடுதான் சொன்னான்.

"நெல்லு அடுக்குக்கு வைக்கிற மாத்திரை பாய். போன தடவை ஊர்லேர்ந்து கொண்டாந்தது. குதிருக்கு ரெண்டு வச்சா ஒரு வண்டு தங்காது. ரூமுக்குப் பத்து வச்சிட்டு வந்தேன். ஏன் பாய், என்னாச்சு?"

அவன் ஊரில் நெல் குதிருக்கு அந்தப் பக்கம் யாரும் பாய் விரித்துப் படுப்பதில்லை. இங்கே ஒரு விரல் கனப் பலகைக்கு இந்தப் பக்கம் என் பிள்ளை தலைவைத்துப் படுத்திருந்தாள். அந்த மாத்திரையில் காற்றின் ஈரம் பட்டாலே விஷவாயு கிளம்பும், பூண்டு வாடை அதன் வாடைதான் என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் அவனைத் திட்டக்கூட இல்லை. ஏனென்றால் அதே நொடியில் ஷம்சியா கேட்டாள்.

"அருள்ராஜ் தம்பி எங்க?"

நடு அறையின் மறுபக்கத்துப் பலகையை ஒட்டியும் ஒருவன் படுத்திருந்தான். துளைகூட இல்லாத அறை. கதவிடுக்கு ஒன்றுதான் அவனுக்கு மிச்சமிருந்த வழி. அதையும் நான் அடைத்திருந்தேன்.

ஓடினேன். பின்னால் பிள்ளையோடு ஷம்சியா வந்தாள். கதவின் முன் கஞ்சி அப்படியே ஆறிக் கிடந்தது. நான் மண்டியிட்டு டேப்பைக் கிழிப்பதை அவள் பார்த்தாள். நல்ல டேப், என் கடையிலேயே விலை கூடிய சரக்கு. சீக்கிரத்தில் வரவில்லை. நகம் பிய்ந்தது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. காலால் உதைத்தேன், உதைத்தேன், நாலாவது உதையில் பிளைவுட் பிளந்தது. அருள்ராஜ் கதவை ஒட்டியே சுருண்டு கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. இரண்டு கையையும் பிடித்து முற்றத்துக்கு இழுத்துவந்து போட்டேன். வாலாட்டிகள் எழுந்து சுவரில் உட்கார்ந்தன. மூச்சு இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை, ஷம்சியாதான் குனிந்து பார்த்தாள். இருக்கிறது என்றாள்.

ஆம்புலன்ஸும் வந்தது, போலீஸும் வந்தது. நான் நினைத்து நினைத்து நடுங்கிய எல்லாமே அன்று மாலைக்குள் நடந்து முடிந்தது. வில்லாவுக்குச் சீல் வைத்தார்கள். தட்டுமுட்டுச் சாமான்களோடு நாங்கள் என் மச்சான் வீட்டுக் கூடத்துக்குப் போய்ச்சேர்ந்தோம். அதனால் யாரும் செத்துப்போகவில்லை. விஜயபாஸ்கர் அதன் பிறகு துபாய்க்குத் திரும்பவில்லை, போலீசுக்குப் பயந்துகொண்டு ஊரிலேயே தங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். நஸீரா இரண்டு நாளில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் குதிக்க ஆரம்பித்தாள். இன்னும் ஒரு ராத்திரி அந்த அறையில் படுத்திருந்தால் இந்தப் பிள்ளையைச் சொல்லி அழ மட்டுமே உங்களால் முடிந்திருக்கும் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். என் மனைவி பறவை பார்ப்பாள் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அருள்ராஜ் கண் விழிக்க ஐந்து நாள் ஆனது. ஆறாம் நாள் நாங்கள் இருவரும் பார்க்கப் போனோம். ஷம்சியா கஞ்சி வைத்து எடுத்துவந்திருந்தாள். முகம் வற்றிப்போய், மூக்கில் குழாயோடு படுத்திருந்தான். எங்களைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான். பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"பாய், அன்னைக்குக் காலையில யாரோ என் கதவுகிட்ட உக்காந்திருந்தாவ. டேப்பு கிழிக்கிற சத்தம் கேட்டுது. ஊர்ந்து வந்து ரெண்டு தடவை தட்டினேன். அது யாருன்னு தெரியுமா?"

டேப் பற்றி ஷம்சியா என்னிடம் அந்த ஆறு நாளும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. இப்போதும் என் பக்கம் பார்க்கவில்லை. கஞ்சி மூடியைத் திறந்துகொண்டே, "நாங்கதான் தம்பி. ரொம்பப் பயந்துட்டோம்" என்றாள்.

அருள்ராஜ் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். கோபம் இல்லை.

"நீங்க இல்லைக்கா" என்றான். "நீங்களா இருந்தா தட்டின உடனே திறந்திருப்பீய."

பிறகு அவள் கொடுத்த கஞ்சியை இரண்டு கரண்டி குடித்தான். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன்.